போர்க்களத்தில் ஒரு கோவேறு கழுதை

கிணத்துக்கடவு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர், சந்தைக்குப் போய்விட்டு வந்து ஏறிய மனைவியிடம் சொன்னார்: "என்ற கழுதையைக் காவக்காரன் தூக்கி வெளிய எறிஞ்சுபோட்டான், அம்மணி."

கோவைப் பொருட்காட்சியில் பர்மா சண்டையைப் பொம்மைகளால் அமைத்திருந்தார்களாம். இவர் அந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பியவர்.

"தளபதி ஜீப்புல நிக்கறாரு. மலையில குண்டுப்பெட்டி சுமந்த கோவேறு கழுதையும் இல்ல, ஓட்டிப்போன நாங்களும் இல்ல. அதான் களிமண்ணுல ஒண்ணு செஞ்சு கொண்டுபோயி வெச்சேன்."

"காவக்காரன் என்னங்க சொன்னான்?"

"கழுதை ஓட்டுனவனெல்லாம் பட்டாளத்தானான்னு கேட்டான்."

அந்த அம்மாள் சந்தைப் பையைக் காலடியில் இறக்கி வைத்தார்.

"இன்னிக்கே இன்னொண்ணு செய்யுங்க. நாளைக்கு நானே கொண்டுபோயி அந்த ஜீப்புக்கு முன்னால வெக்கறனுங்க. என்னையத் தொட்டு வெளிய தள்ளட்டும், பாக்கலாம்."