சகலையின் வண்டி

இரவு ஒன்று பத்து. பெரிய சாலையிலிருந்து பிரிந்து போகிற ஒரு பழைய சாலை. விளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்குகள் இல்லை. இரண்டு பக்கமும் புதர். அதில் ஒரே ஒரு கார்... சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இருங்கள். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரமாகும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைக் கத்திச் சொல்ல முடியாது. நம் குடியிருப்பில் எலெக்ட்ரிக் காருக்கு சார்ஜ் போட வசதி செய்வதா வேண்டாமா என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டீர்கள். தினமும் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது சரிப்பட்டு வருமா என்று என்னையும் கேட்டீர்கள். வரும். தாராளமாக வாங்கலாம். நான் சொல்லப்போவதில் வண்டியின் மேல் ஒரு குறையும் இல்லை.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவரின் அண்ணனுக்கு நடந்தது இது. அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. லிஃப்ட்காரர் என்றே வைத்துக்கொள்வோம். மாமனார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கார் வாங்கியவரும் அவர்தான். பழைய டீசல் வண்டி. கிளப்பினால் தெருமுனை வரைக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷம் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, மாமியாரை ஸ்டேஷனில் விட்டது எல்லாம் அந்த வண்டிதான். "பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடு" என்றால் அந்த வீட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

அப்புறம் சகலை ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கினார். அதாவது மனைவியின் தங்கை கணவர். மருந்துக்கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாத மனுஷன். சாம்பல் நீலத்தில் ஒரு வண்டி. வாங்கிய அன்றைக்கே மாமனார், மாமியாரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தார். மாமியார் இறங்கி வந்து சொன்னது ஒரே வரிதான். "வண்டியில உக்காந்த மாதிரியே இல்ல. தூக்கம் வந்துடுச்சு."

அன்றைக்குப் பிடித்தது லிஃப்ட்காரருக்குப் பொறாமை.

வாயைத் திறந்தால் அந்த வண்டியைப் பற்றித்தான். "நடுவழியில நின்னா என்ன பண்ணுவே? பாட்டில்ல புடிச்சு ஊத்துவியா?" என்பார். "மழையில ஷாக் அடிச்சா?" என்பார். "மூணாவது மாடியிலேர்ந்து வயரைத் தொங்கவிட்டா சார்ஜ் போடுவே?" என்பார். சகலை கோபப்படவே மாட்டார். "இல்லண்ணே, தினமும் ஓடுறது நாப்பது கிலோமீட்டர். ராத்திரி போன் மாதிரி சொருகிட்டுப் படுத்தா காலையில ஃபுல்லா இருக்கு" என்பார். அந்தப் பொறுமைதான் இவருக்கு இன்னும் எரிந்தது.

ஒரு நாள் மனைவி சொன்னாள்: "ஏங்க, தங்கச்சி வண்டியில போனா முதுகு வலியே தெரியலைங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் மாமனாருக்குக் கண் பரிசோதனை. போன் இவருக்கு வரவில்லை.

இதையெல்லாம் அவரே தம்பியிடம் பின்னால் சொன்னார். இன்னொன்றையும் சொன்னார்... எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு அதே வண்டியின் வீடியோக்களைப் பார்ப்பாராம். மாமனார் வீட்டுக்குப் போனால், யாரும் இல்லாத நேரத்தில் வெளியே வந்து அதன் கதவைத் தடவிப் பார்ப்பாராம். யாராவது வந்தால் காறித் துப்புகிற மாதிரி திரும்பிக்கொள்வாராம்.

சரி. ஒரு சாயங்காலம் நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற லிஃப்ட் நின்றுவிட்டது. இவருடைய டீசல் வண்டியோ கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மனைவி தங்கைக்குப் போன் செய்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் சகலை வண்டியோடு வாசலில் நின்றார். "எடுத்துட்டுப் போங்கண்ணே. என்ன இருக்கு இதுல" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுக்க முடியவில்லை. ஆனால் வண்டியில் உட்கார்ந்ததும் அவர் மனதில் ஒரு திட்டம். இதை எப்படியாவது நடுவழியில் நிறுத்த வேண்டும். நின்ற கதையை ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில், எல்லோரும் கூடியிருக்கும்போது, நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏ.சி.யை முழுக்க வைத்தார். மிதி மிதி என்று மிதித்தார். வண்டி பறந்தது. அது பறந்த அழகில் அவருக்கு இன்னும் வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலேயே சார்ஜ் போடுகிற இடம் இருந்தது. காவலாளி வந்து, "சார், சும்மாதான் கெடக்கு, சொருகிக்கோங்க" என்றார். இவர் "வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டார். வேலை முடிய நள்ளிரவு தாண்டியது.

திரும்பும்போது... சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. இருபது சதவீதம். பதினைந்து. பன்னிரண்டு. நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுஷனுக்கு, அந்த இருட்டில், நிஜமாகவே நின்றுவிடும் என்று தெரிந்தபோது பயம் வந்தது. வரைபடத்தில் தேடினார். பெரிய சாலையில் சார்ஜ் போடுகிற அடுத்த இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பழைய சாலையில் ஆறு கிலோமீட்டரில் ஒன்று காட்டியது.

அங்கேதான் ஒன்று பத்துக்கு அந்த வண்டி போய்க்கொண்டிருந்தது.

மூடிக் கிடந்த ஒரு மரச்சாமான் கடை. கண்ணாடிக் கதவுகளில் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. அதன் பின்பக்கம், ஜல்லி கொட்டிய முற்றத்தில், ஒற்றை சார்ஜ் கம்பம். பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. இறங்கினார். காலடியில் ஜல்லி... சரக், சரக். வாசனை ஒன்று வந்தது. அந்த வாசனையை அவருக்கு நன்றாகத் தெரியும். பல வருஷம் திறக்காத லிஃப்ட் குழியில் வரும். தேங்கின தண்ணீர், கெட்டுப்போன எண்ணெய், செத்த எலி. திறந்தவெளியில் அது ஏன் வரவேண்டும்?

சொருகினார். ஒன்பது சதவீதம். உள்ளே போய்க் கண்ணாடியைப் பாதி இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. "வண்டி நல்லா இருக்கே" என்று ஒரு குரல்.

ஜன்னலருகே ஓர் ஆள். நடுத்தர வயது. சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால், கடையின் நிழலில், இன்னும் இரண்டு பேர். ஒருத்தி பெண். முகம் தெரியவில்லை.

"உங்களுதா?" என்று கேட்டார் அந்த ஆள்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். 'சகலையோடது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் தெரிந்தவர் இல்லை, மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் எத்தனை நாளாக அந்த ஆசை தொண்டையில் நின்றதோ...

"ஆமா. என்னுதுதான்" என்றார்.

அதைச் சொன்னபோது அவ்வளவு இனிப்பாக இருந்ததாம்.

"எவ்வளவு தூரம் போகும்?"

"முந்நூறு கிலோமீட்டர் அசால்ட்டா போகும்" என்றார். நிறுத்த முடியவில்லை. "ராத்திரி போன் மாதிரி சொருகிட்டுப் படுத்தா காலையில ஃபுல். சத்தமே வராது. உக்காந்தா தூக்கம் வரும்." இத்தனை நாள் எதற்கெல்லாம் சண்டை போட்டாரோ, அதெல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது.

அந்த ஆள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "பின்னாடி மூணு பேர் உக்காரலாமா?"

"தாராளமா."

"அப்போ எடம் இருக்கு."

சார்ஜ் கம்பம் 'பீப்' என்றது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். யாரும் இல்லை. முற்றம் முழுக்க ஜல்லி. ஒரு சரக் சத்தம்கூட வரவில்லை. அவர்கள் வந்தபோதும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முப்பத்து நான்கு சதவீதம். போதும். வயரைப் பிடுங்கினார், கிளம்பினார். வீட்டுக்கு இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் போகலாம் என்று வண்டி காட்டியது.

சாலையில் ஏறியதும்... டிங்.

முன்னால் திரையில் சிவப்பாக ஒரு சின்னம். பின் இருக்கை, இடது பக்கம். பெல்ட் போடவில்லை. ஏதாவது கோளாறு என்று நினைத்தார்.

டிங். நடுவில்.

டிங். வலது பக்கம்.

மூன்றும் அணையவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பார்க்கிற உள்கண்ணாடியைக் கையால் தட்டிக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார். திரையில் கிலோமீட்டர் எண் இறங்கத் தொடங்கியது. ஐந்து கிலோமீட்டர்கூடப் போகவில்லை, நூறாக இருந்தது எழுபத்தைந்தானது. ஏற்றத்தில் வண்டி திணறியது. பாரம் ஏறின லிஃப்ட் எப்படித் திணறும் என்று அவருக்குத் தெரியாதா? இது வெறும் காற்றை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இல்லை.

டீசல் வண்டியாக இருந்தால் இரைச்சலில் ஒன்றும் கேட்டிருக்காது. இதில் எல்லாம் கேட்டது. துணி உரசுகிற சத்தம். யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம். ஒருவர் மூச்சு... அப்புறம் இன்னொருவர் மூச்சு... மூன்றும் சேர்ந்து, ஒரே நேரத்தில், இழுத்து... விட்டு. அந்தக் குழி வாசனை பிடரியில் சூடாக வந்தது.

ஏ.சி. முழு வேகத்தில் இருந்தது. பிடரி மட்டும் சூடு.

அதே குரல், காதுக்குப் பின்னால், மரியாதையாகக் கேட்டது. "உங்க வண்டிதானே?"

அவருக்குப் புரிந்துவிட்டது. எப்படிப் புரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இல்லை, என்னுது இல்லை என்று சொன்னால் போதும். இவரை விட்டுவிடுவார்கள். வண்டியோடு இருந்துவிடுவார்கள். வண்டியின் சொந்தக்காரரோடு.

ஒரு நொடி... தம்பியிடம் இதைச் சொல்லும்போது அவர் அழுதாராம். ஒரே ஒரு நொடி அந்த நினைப்பு இனித்ததாம். கிடக்கட்டும். எல்லாருக்கும் பிடித்த வண்டிதானே. மாமியாருக்குத் தூக்கம் வருகிற வண்டிதானே. உட்கார்ந்து பார்க்கட்டும். 'சகலை' என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது நினைவுக்கு வந்தது, தினமும் காலையில் அந்த வண்டியின் பின் இருக்கையில் யார் உட்காருவார்கள் என்று. சகலையின் மகள். நான்கு வயது. நர்சரிக்குப் போகிற பிள்ளை. இடது பக்க ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அழுகிற பிள்ளை.

"உங்க வண்டிதானே?" மறுபடியும்.

"ஆமா" என்றார். கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னார். "என்னுதுதான். வேற யாருக்கும் இதுல பங்கு இல்ல. என் கூடத்தான் வரணும்."

பின்னால் மூச்சு நின்றது. அவ்வளவுதான். அப்புறம் ஒரு பேச்சும் இல்லை.

விடியற்காலையில் சகலை வீட்டு வாசலில் நிறுத்தியபோது இரண்டு சதவீதம். கதவைத் திறந்து இறங்கியதும் மூன்று சிவப்புச் சின்னங்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. சகலை பல் தேய்த்தபடி கீழே இறங்கி வந்தார். "எப்படிண்ணே ஓடுச்சு? ரெண்டுக்கு வந்துடுச்சே, ரொம்பத் தூரமா?"

"நல்ல வண்டிப்பா" என்றார் லிஃப்ட்காரர். "ரொம்ப நல்ல வண்டி." வாங்கி எட்டு மாசத்தில் முதல் முறையாக. சகலைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு நடந்தே போனார். தனியாக நடந்த மாதிரி இல்லை என்றார் தம்பியிடம்.

சகலை வண்டிக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. டீசல் வண்டியும் கிளட்ச் மாற்றி வந்தது. "நீங்களும் ஒரு எலெக்ட்ரிக் வாங்கிடுங்கண்ணே, உங்க வேலைக்கு நல்லா ஒத்துவரும்" என்று சகலை சொன்னபோது, "வேணாம்ப்பா, எனக்குச் சத்தம் இருக்கணும்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். மருந்துக்கடையில் ஏதோ அவசரம் என்று சகலை தன் வண்டியில் முன்னாலேயே போய்விட்டார். மனைவியின் தங்கையையும் பிள்ளையையும் வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று லிஃப்ட்காரர் டீசல் வண்டியைக் கிளப்பினார். பட்டப்பகல். நல்ல வெயில்.

குழந்தை ஓடிவந்து பின்கதவைத் திறந்தது. ஏறவில்லை. அப்படியே நின்றது.

"ஏறும்மா, வெயில் அடிக்குது பாரு" என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி.

"எடமில்ல பெரியம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற மாமனார், "தள்ளி உக்காரச் சொல்லு கண்ணு" என்றார். லிஃப்ட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை தலையை உள்ளே நீட்டி என்னவோ கேட்டது. பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலையை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, பாதி சாத்தியதும் நிறுத்தி...

"ஆன்ட்டி, கையை எடுத்துக்கோங்க" என்றது.

கொஞ்சம் பொறுத்து, கதவை மெதுவாகச் சாத்தியது.