சனிக்கிழமை பாட்டில்

வெள்ளைச் சட்டை தேய்க்கும்போது முதலில் காலர், பிறகு கை, முதுகு கடைசியில். அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். நல்ல வேலைக்காரன். அதை மறைத்தால் எனக்குத்தான் பாவம்.

என் மகளை வேன் ஏற்றிக் கொன்றவன் அவன். அன்று முழுப் போதை. அவளுக்கு ஏழு வயது. சிறையிலிருந்து வந்த வாரமே, ஆலயத்தில் எல்லோருக்கும் முன்னால் அவன் கையைப் பிடித்து, மன்னித்தேன் என்றேன். போதகர் அழுதார். சத்துருவைச் சிநேகிப்பது எப்படி என்று என்னைக் காட்டியே மூன்று வாரம் பிரசங்கம் செய்தார். என் சலவைக்கடையில் வேலை, மாடியில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் கொடுத்தேன். வயிற்றுவலி என்றபோது டாக்டரிடம் கூட்டிப்போனதும் நானே.

"ஈரல் கெட்டுப்போச்சும்மா. இனிமே குடிச்சா ஆள் தங்கமாட்டார்" என்றார் டாக்டர்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பிராந்தி பாட்டில் வாங்கி அவன் மேசைமேல் வைத்தேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும்.

ஏதேன் தோட்டத்தில் அந்த மரத்தை வைத்தது யார்? அதைச் சுற்றி வேலி போட்டாரா? அவரை எந்த ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்தீர்கள்? குடிக்க வழியில்லாதவன் குடிக்காமலிருப்பதற்குப் பெயர் மனந்திரும்புதலா?

பதினாறு பாட்டில்களைக் கொட்டிவிட்டான். பதினேழாவதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கீழே வந்தான்.

"அக்கா, நீங்கதான் வைக்கிறீங்கன்னு தெரியும். வேண்டாம்க்கா. என்னால முடியலை."

"நான் ஊத்திவிடலையே தம்பி. கையும் உன்னோடது, வாயும் உன்னோடது. பிடிக்கலைன்னா போயிடு. கதவு திறந்துதானே இருக்கு."

அவனுக்கு வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அதற்கு நான் என்ன செய்ய?

அடுத்த சனிக்கிழமை என் மகளின் பிறந்தநாள். பள்ளிச் சீருடையில் அவள் சிரிக்கும் படத்தையும் பாட்டில் பக்கத்தில் வைத்தேன். தப்பென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை மேலே தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. "அக்கா" என்றும் கூப்பிட்டான், இரண்டு முறை. நான் திருவிருந்து மேசை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் விடக்கூடிய துணியில்லை அது. முடித்து, மடித்து, ஆலயத்தில் கொடுத்து, ஆராதனையில் அவனுக்காக ஜெபித்துவிட்டுத் திரும்பினேன். படியிலேயே ரத்த வாடை. ரத்தமாய் வாந்தியெடுத்துச் செத்துக் கிடந்தான். குடிப்பதற்கு முன் படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறான், அவள் பார்க்கக் கூடாதென்று. அந்த மரியாதை அவனுக்கு இருந்தது.

வெறுத்திருந்தால் எலிமருந்தே போதுமே. நான் அவனைத் தேர்ந்தெடுக்க விட்டேன். கடவுள் செய்ததற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

நேற்று போதகர் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தார். இந்தமுறை அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவன் கொட்டிக்கிட்டே இருந்திருந்தா, நீங்க எப்பம்மா நிறுத்தியிருப்பீங்க?"

"அவன் குடிக்காம நான் எப்படி ஐயா நிறுத்துறது?" என்றேன்.