செவ்வாய்க் கிரகத்து வழக்கம்

யுத்த காலம். திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் ரயில் ஏறினேன். எதிரே இரண்டு பேர். மூத்தவர் கடலூர்க்காரர். மற்றவன் அவர் மனைவியின் தம்பி, பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன்.

"ஏன் மச்சான், செவ்வாய்க் கிரகத்துல கால் போனவனை வூட்ல சேக்க மாட்டாங்களா?" என்று மூத்தவர் கேட்டார்.

"மாட்டாங்க மாமா. அவுங்க வீரப் பரம்பரை. ஊனமாத் திரும்பினா பெத்தவளே தலை முழுகிடுவா. அதான் அங்க வழக்கம்."

"எவன் சொன்னான்?"

"நாந்தான். கதைதானே மாமா."

"அந்தக் கதையை என் தம்பி ஆஸ்பத்திரியில படிச்சிருக்கான். பர்மா சண்டையில கால் போனவன். இப்ப சிதம்பரம் சத்திரத்துல குந்திக்கிட்டு வரமாட்டேங்குறான். அம்மாவைத் தலை முழுகிடச் சொல்லுன்னு ஆள் அனுப்புறான். அவ வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்குறா."

"அவ்ளோ நம்பிப் படிச்சானா?"

கேட்டவன் முகத்தில் சந்தோஷம். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

"நம்பிட்டான்டா. உன் கதையில அந்த அம்மா மவனைச் சேத்துக்கிட்டான்னு அவங்கிட்ட சொல்லு. அதுக்குத்தான் உன்னைக் கூட்டிப் போறேன்."

"அது எப்படி? வழக்கத்தை மீறினா அவுங்க வீரருங்களே இல்ல மாமா. படிக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சண்டையிலேருந்து வந்து அவன் சிரிக்கவேயில்ல."

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றான் கதைக்காரன்.

வண்டி சிதம்பரத்தில் நின்றது.