குல்ஷன் எப்படியோ அப்படி

1943-ம் வருடம் செப்டம்பர் மாதம், காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் ஜைதூன் பீ, வயது இருபத்தெட்டு, மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் குடியிருந்து, ஜவுளிக்கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லாததால், உடன் வந்த என் அண்ணன் வலியுல்லா சொல்ல, அப்துல் வஹீத், தையற்காரர் என்று எழுதப்பட்டது. அவர் உயிருடன் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, கடைசியில் சொல்கிறேன், இடம் விட்டு வையுங்கள் என்றேன்.

என் கணவர் யுத்தத்துக்கு முந்திய வருடம் தையல் வேலைக்காகச் சிங்கப்பூர் போனார். சென்ற வருடம் ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. குண்டு விழும் என்று பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோதும் நான் ஓடவில்லை. அவர் திரும்பி வந்து பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

அதன் பிறகு, எனக்கு வேலை கொடுக்கும் ஜவுளிக்கடை முதலாளி கருணாகரனின் அபிராமபுரம் வீட்டுக்கு நான் காஜா எடுத்த சட்டைகளைக் கொண்டுபோனபோது, அவர் மனைவி தங்கம், அங்கே அகப்பட்டுக்கொண்ட நம் ஜனங்களை ஜப்பான்காரர் ரேடியோவில் பேச வைக்கிறார்களாம் என்று சொல்லி, சாயங்காலங்களில் வந்து கேட்கும்படி கூப்பிட்டார். கருணாகரன் வேண்டாம் என்றுதான் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாளான தங்கத்திடம் அவர் பேச்சு எடுபடவில்லை. மலேயாப் பக்கம் ஆளை அனுப்பிவிட்டுத் தவிக்கும் பெண்கள் இன்னும் சிலரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தோம். அவர்களின் பெயர் என்னிடம் கேட்கப்பட்டது. சொல்ல மாட்டேன் என்றேன், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு, போன மாதம் ஒரு சாயங்காலம், மக்ரிப் தொழுதுவிட்டு நான் அங்கே இருந்தபோது, ரேடியோவில் ஒரு ஆள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட, என் கணவர் பேசினார். குரல் அவருடையதுதான், சந்தேகமில்லை. "என் அன்பு மனைவி ஜைதூன் பீ அவர்களுக்கு" என்று ஆரம்பித்தார். கல்யாணமான நாள் முதல் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஜப்பானியர் எங்களை அன்போடு நடத்துகிறார்கள், இங்கே குறை ஒன்றுமில்லை, வெற்றியோடு தாயகம் திரும்புவேன் என்று பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். இன்ஷா அல்லாஹ் சொல்லாமல் சட்டைக்கு அளவுகூட எடுக்காத மனுஷர் அவர். திரும்புவேன் என்றபோது அதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு கொஞ்சம் நிறுத்தினார். பக்கத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. சட்டென்று எங்கள் சந்துப் பேச்சில், "குல்ஷன்மா, நம்ம குல்ஷன் எப்டி கீதோ அப்டியேதான் நானும் கீறேன்" என்றார். உடனே பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

தங்கம் ஓடி வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, ஒன் வீட்டுக்காரரு உசிரோட இருக்காருளா! குல்ஷன் யாரு, ஒம் புள்ளையா?" என்று கேட்டு, உள்ளே போய்ச் சர்க்கரை கொண்டு வந்து என் வாயில் போட்டார். நான், "ஆமாக்கா, எம் பொண்ணு. ஊர்ல கீது" என்றேன். அந்தச் சர்க்கரை இன்னும் என் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அவர் சந்தோஷம் தாங்காமல் தெரு முழுவதும் சொன்னார். அதனால்தான் போலீசார் வந்தார்கள், ரேடியோப் பெட்டியை எடுத்துப் போனார்கள், எதிரி ரேடியோவைக் கூட்டம் சேர்த்துக் கேட்க வைத்ததாகக் கருணாகரனை அடைத்தார்கள்.

அதன் பிறகு இன்று, என் கணவர் சுய இஷ்டத்தோடு எதிரிக்காகப் பேசியதாக எழுதப்போவதாகவும், திரும்பி வந்தால் கப்பலை விட்டு இறங்கியதும் கைது என்றும் சொல்லப்பட்டது. ஆகவே, யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். குல்ஷன் எங்கள் ஒரே மகள். அவர் கப்பல் ஏறுவதற்கு முன்பே விஷக் காய்ச்சலில் போய்விட்டாள். மயிலாப்பூர் கபரஸ்தானில், வேப்பமரத்தடியில் இருக்கிறாள். மண் தள்ளியவர் அவர்தான். பள்ளிவாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் போன பிறகும் என்னைக் குல்ஷன்மா என்றுதான் கூப்பிட்டுவந்தார்.

அந்த ஒரு பேச்சுதான் அவருடையது. மற்றதெல்லாம் எழுதிக் கொடுத்தவனுடையது. சாகப் போகிறேன் என்று சொன்னாரா, செத்த மாதிரிதான் இருக்கிறேன் என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. காஜா எடுக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, அந்த நாற்காலிச் சத்தம் கேட்கிறது.

அந்த ரேடியோவைக் கேட்டது குற்றம்தானே என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். "அங்க ஜப்பான்காரன் அவரு வாய அமுக்கிக்கினு கீறான், இங்க நீங்க என் காத அமுக்குறீங்க. நான் எங்க போய் அவர கேப்பேன், நைனா?" என்றேன்.

கருணாகரன் பயந்த சுபாவம். அவரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கணவர் உயிருடன் இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில்: மேற்படி ரேடியோப் பெட்டி இந்த அறையில்தான், மூலை மேஜையில், சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறது. மக்ரிப் வேளையில் யாராவது அதைப் போட்டு வையுங்கள். அப்துல் வஹீத் என்று கூப்பிடுகிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். இதை எழுத முடியாது என்றார்கள். எழுதாவிட்டால் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றதால் எழுதப்பட்டது. அவர் பெயரை இந்த முறை நானே சொன்னேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்ததையே சொன்னேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
ஜைதூன் பீ