அமிர்தவள்ளி நிலத்துக்கு வந்த ஏழு நோட்டீஸ்கள்

காலை டீயைத் தனியாகக் குடிப்பது எனக்குப் பிடிக்காது, மேடம். மற்றபடி என்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கலவை தாலுகா ஆபீஸ் எதிரில் முப்பது வருடமாக மனு அடித்துக் கொடுக்கிறேன். டைப்பிஸ்ட் பரணிதரன் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அமிர்தவள்ளி போன ஆடியில்தான் முதலில் வந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபது வருடம் தைத்துவிட்டு, ஊர் திரும்பி ஒரு ஏக்கரில் வேர்க்கடலை போட்டிருந்தார். ஒரு போன் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தது. டவர் வைக்க நிலத்தை அளக்க வேண்டும், பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும் என்றிருந்தது.

"எவனோ வந்து என் நெலத்துல கம்பம் நடுவானாம். நான் இன்னா சார் பண்றது?"

மூன்று நாள் உட்கார்ந்து ஆட்சேபனை தயாரித்தோம். ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். கம்பெனி டவரை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டது.

"நல்லா இருப்பீங்க சார். இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

தொந்தரவு இல்லாமல் இருபது நாள் பொறுத்தேன்.

இரண்டாவது நோட்டீஸ் நான் எழுதியது. ஒரு கம்பெனிக்குப் பெயர் வைத்தேன். ஒரு வக்கீலையும் உண்டாக்கி, அவரை மூன்று பட்டம் படிக்க வைத்தேன். கலவை முத்திரை விழக்கூடாதென்று ஆற்காடு போய் ஸ்பீடு போஸ்டில் சேர்த்தேன். மூன்றாம் நாள் பிளாஸ்கோடு வந்துவிட்டார்.

அப்படி ஆறு அனுப்பினேன். ஆறுக்கும் பதில் எழுதியவனும், தபாலில் சேர்ப்பதாக அதை வாங்கி வைத்துக்கொண்டவனும் நான்தான். சில சமயம் என் வாதத்துக்கு எனக்கே பதில் தெரியாது. மறுநாள் வரச் சொல்வேன்.

நான்காவதில், உரிமையாளர் இல்லாத நேரத்திலும் நுழைய அதிகாரம் உண்டு என்று ஒரு வரி சேர்த்தேன். நோட்டீஸுக்கு ஒரு கனம் வரட்டும் என்றுதான். அவர் அதை நம்பி வரப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னிடம் வரும் நேரத்தில் நிலத்தைக் காக்க ஒரு நாயும் வாங்கிவிட்டார். அது மின்சார ரீடிங் எடுக்க வந்தவரைக் கடித்தது. அப்படிக் கடிக்கும்படி எந்த நோட்டீஸிலும் நான் எழுதவில்லை.

ஓசூரில் மகள் பாரதிக்குப் பிரசவம். நிலத்தைப் போட்டுவிட்டு அவர் போகவில்லை. பேத்தியை வீடியோ காலில்தான் பார்த்தார். டவர் இல்லாத ஊர், முகம் சரியாகத் தெரியவில்லை.

"அழுவுறது மட்டும் கேட்டுது சார்" என்றார்.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று இரண்டு டம்ளர் குடித்தேன்.

போன புதன்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும் ஆர்வத்தில் நானே ஆரம்பித்துவிட்டேன். "கெணத்துப் பக்கம் வழி கேக்குறாங்களே, அது செல்லாதும்மா."

அவர் என்னையே பார்த்தார்.

"கெணறுன்னு உங்களுக்கு யார் சொன்னது? நோட்டீஸ நான் இன்னும் பையிலருந்தே எடுக்கலியே."

டீ ஊற்றாமலே எழுந்து, நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன், மேடம். ஆறும் நான் எழுதியவைதான். ஆனால் இந்த ஒரு வருடத்தில் அவர் நிலத்தில் எந்தக் கம்பெனிக்காரனாவது கால் வைத்தானா? அதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் காட்டிய புகாரை அவரே கைப்பட எழுதியிருக்கிறார். சர்வே எண் இல்லை, தேதி இல்லை. கோர்ட்டில் நிற்காது, நான் தப்பித்துவிடுவேன். அவரை ஒரு நாலு நாள் என் கடைக்கு அனுப்புங்கள். என்மேல் கேஸ் நிற்கிற மாதிரி நானே அடித்துத் தருகிறேன்.