நட்சத்திரத்து இரும்பு

புரொபசரா? அவரு இனி நாலு மணிக்கித்தான் வருவாரு. நிக்காதிய அண்ணாச்சி, இரிங்க. ஒங்க மகன் தாணுமாலையன் சாருக்க நாற்காலிதான் அது. அஞ்சு வருஷம் இதுலதானே இருந்தாரு. நானா? ராஜையன், இங்க அட்டெண்டரு.

ஓ, மகனுக்கு இன்னொரு சான்ஸு கேக்கவா சுசீந்திரத்துலருந்து வந்திய? என்ன தப்பு நடந்துன்னு ஒங்ககிட்டயும் சாரு சொல்லலியா? ம்.

சொல்லுகேன். வானத்துல நட்சத்திரம் தேனீக் கூட்டம் கணக்கா மொய்ச்சுக் கெடக்குற எடம் உண்டு, பாத்துக்கிடுங்க. அதுல வயசாகி ஊதிப்போன ராட்சச நட்சத்திரத்துல இரும்பு எம்புட்டு இருக்குன்னு கண்டுபிடிக்கதுதான் சாருக்க வேல. சிரிக்காதிய, உள்ளதுதான். வெளிநாட்டுலருந்து வந்த போட்டோத் தட்டுல உள்ள வெளிச்சத்த மிஷினு காயிதத்துல கோடா வரையும். இரும்பு உள்ள எடத்துல கோடு பள்ளமா எறங்கும். அந்தப் பள்ளத்த சாரு பிளேடால வெட்டித் தருவாரு, நான் கெமிஸ்ட்ரி தராசுல வச்சு நிறுப்பேன். துண்டு கனத்தா இரும்பு கூடுதல். அம்புட்டுதான்.

ஒரே கூட்டத்துல பாதி நட்சத்திரத்துக்கு இரும்பு கூடுதலா வந்துது. ஒருத்தனும் கண்டுபிடிக்காத சங்கதியாக்கும்! சாரு என்னையக் கூட்டிட்டுப் போயி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சாரு. தீசிஸும் டைப் அடிச்சாச்சு.

பொறவு கடைசியா ஒருக்க, நான் எடை எழுதுன நோட்டுல தேதி பாத்தாரு. கனத்ததெல்லாம் எடவப்பாதி மழையில நிறுத்தது. காயிதம் ஈரங் குடிச்சிருக்கு, எழவு! நட்சத்திரம் பூரா ஒண்ணுபோலதான்.

மறுபடி செய்யவா? எத வச்சு? துண்டெல்லாம் அன்னன்னைக்கே குப்பைக்குப் போச்சு, தட்டும் திரும்பிப் போயாச்சு. புரொபசரு காலப் பிடிச்சாலும் நடக்காது அண்ணாச்சி. எல்லாம் தனக்க கவனக்கொறவுன்னு எழுதிக் கொடுத்துட்டு சாரு எறங்கிப் போய்ட்டாரு.

கவனக்கொறவா? சாருக்கா? போங்க அங்கிட்டு. மழையப் பத்தி மொத நாளே ஓசிச்ச மனுசன் அவரு. ஒரு சதுரத் துண்டு வெட்டித் தந்து, நித்தமும் இத மொதல்ல நிறுத்து எழுதும் ராஜையா, ஈரத்துல எம்புட்டு கூடுதுன்னு பாத்துக் கழிச்சிக்கிடலாம்னாரு. ஒரே துண்டுதானே, நித்தமும் எதுக்கு நிறுக்கணும்னு, மொத நாளு எடையையே அஞ்சு வருஷமும் எழுதி வச்சேன் நான். நோட்டப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. ஒரு வார்த்த கேக்கல.

நீங்களாவது என்னைய நாலு வார்த்த கேட்டுட்டுப் போங்க அண்ணாச்சி.