தண்ணித் தொட்டி வரைக்கும்

— மாமா, ஏன் நின்னுட்டீங்க? மூச்சு வாங்குதா?

— இல்லம்மா. ஸ்டாப்பிங் வந்துச்சு.

— நீங்க பஸ் இல்ல மாமா. ஏறவும் ஆள் இல்ல, எறங்கவும் ஆள் இல்ல. நடங்க.

— ஆயுசுல பாதி இதே ரோட்டுல பஸ் ஓட்டியிருக்கேன். ஸ்டாப்பிங்கைப் பாத்தா கால் தானா பிரேக் போட்டுடுது. நான் என்ன பண்ணட்டும்?

— கதை விடாதீங்க. முட்டி வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க.

— வலிக்குது. ஆனா நடப்பேன். ரைட், போலாம்.

— கையைப் பிடிச்சுக்கங்க.

— ஆளை விடு! கையைப் பிடிச்சா கணக்குல சேராதுன்னு சொன்னது யாரு? உன் கையைப் பிடிக்காம நான் தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டா, நீ அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்கு சரின்னு சொல்லணும். பேச்சு மாறக்கூடாது.

— போய்ச் சேருங்க, அப்புறம் பேசலாம்னுதான் சொன்னேன்.

— பாத்தியா, பாத்தியா! இப்பவே ரிவர்ஸ் எடுக்கற.

— ரோட்டைப் பாத்து நடங்க மாமா. பள்ளம் இருக்கு.

— பள்ளம் எனக்குத் தெரியாதா? இந்த ரோட்ல எந்தப் பள்ளம் எப்ப பொறந்துச்சுன்னு நான் சொல்லுவேன்.

— ஆமா, ரொம்பத் தெரியும். தொட்டிக்குன்னு கெளம்பின மொத நாள் என்ன சொன்னீங்க? ‘தொட்டி பக்கந்தாம்மா, நாலே நிமிஷம்’னு. நானும் நம்பி, தண்ணி பாட்டில்கூட எடுக்காம வந்தேன்.

— நாலு நிமிஷந்தானே!

— பஸ்ல!

— நான் எந்த ஊரை நடந்து பாத்திருக்கேன்? எனக்குத் தெரிஞ்ச தூரமெல்லாம் பஸ் தூரந்தான்.

— பாதி வழியில பெட்டிக்கடை ஸ்டூல்ல உக்காந்துட்டு, ‘வண்டி பிரேக்டவுன்’னீங்க. ஆட்டோ பிடிச்சு உங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு நான் லேபுக்குப் போறதுக்குள்ள, ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட வந்து உக்காந்திருந்தவங்க எல்லாம் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க.

— சரி சரி, அது பழைய கதை. இப்ப பாரு, அந்தப் பெட்டிக்கடையைத் தாண்டிட்டோம். கவனிச்சியா?

— கவனிச்சேன் மாமா.

— என்ன, குரல் ஒரு மாதிரி போகுது?

— ஒண்ணுமில்ல. சந்தோஷமாத்தான் இருக்கு.

— அந்தக் கண்ணாடிக்காரரு நல்ல மனுஷன்ம்மா. ஒண்ணே ஒண்ணுதான் குறை.

— என்ன குறை?

— தொழில் தெரியல. அன்னைக்கு என் கண்ணைப் பாக்கறேன்னு உக்கார வெச்சாரே, எழுத்தைப் படிக்கச் சொல்லிட்டு உன்னையே பாத்துக்கிட்டிருந்தார். நான் தப்பாப் படிச்சாலும் ‘கரெக்ட், கரெக்ட்’ங்கறார். அதான் இந்தக் கண்ணாடி எனக்கு இன்னைக்கு வரைக்கும் சேரல.

— போங்க மாமா, கதை விடாதீங்க!

— அப்பாடா, சிரிச்சுட்ட. அப்புறமாவது உன்கிட்ட வராம, நேரா என்கிட்ட வந்து கேட்டார் பாரு, ‘உங்க மருமகளைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன், உங்களுக்கு சம்மதமா’ன்னு. அங்கதான் ஆளு என் மனசுல ஒக்காந்துட்டார்.

— அவர் நல்லவர்தான். நான் இல்லேங்கல.

— அப்புறம் என்ன?

— அப்புறம் நீங்கதான். அவங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவரால நம்ம வீட்டோட வந்து இருக்க முடியாது. நான்தான் போகணும். அன்னைக்கு பாத்ரூம்ல விழுந்து, நான் லேப் முடிஞ்சு வர்ற வரைக்கும் ஈரத்துலயே கெடந்தீங்களே, மறந்துபோச்சா? கதவைத் தொறந்து பாத்தப்ப என் உசுரே போயிடுச்சு மாமா.

— அதனாலதானே டாக்டர் சொன்னாரேன்னு நடக்கறேன்? மொத வாரம் எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன்? காலு கல்லு மாதிரி ஆயிடுச்சு, தொட்டுப் பாரு.

— நடந்துக்கிட்டே பேசுங்க.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? என் பையன் தவறிப்போனப்ப, நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு நெனச்சேன். பையெல்லாம் எடுத்து வெச்ச. அப்புறம் அதை அப்படியே தூக்கி பரண்ல போட்டுட்டு வந்து, ‘மாமா, ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்’னு கேட்ட. நான் பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன்.

— தெரியும். பைப்பைத் தொறந்து விட்டுட்டு அழுதீங்க. தண்ணி வழிஞ்சு ஹால் வரைக்கும் வந்துச்சு. நான்தான் தொடச்சேன்.

— தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சொல்லல?

— சொல்லி என்ன ஆகப்போகுது? நானும் அடுப்படியில அழுதுக்கிட்டுத்தானே இருந்தேன்.

— அதான்ம்மா சொல்றேன். அழுதது போதும். சின்ன வயசு உனக்கு. என்கூட உக்காந்து டிவி பாத்து, எனக்கு மாத்திரை பிரிச்சுக் குடுத்தே காலத்தை ஓட்டணுமா? அவர் வீடு எங்கன்னுகூட நான் கேக்கல. எங்க இருந்தா என்ன? வேற ஊரா இருந்தாலும் சரி. நீ நல்லா இருக்கேன்னு காதுல விழுந்தா போதும்.

— எனக்குப் போதாது மாமா.

— என்ன போதாது?

— ஒண்ணுமில்ல. தொட்டி தெரியுது பாருங்க. வாங்க.

— இரு, இன்னைக்கு நேராவே கேட்டுடறேன். மொதல்ல மருந்துக்கடை வரைக்கும் நடங்கன்ன. நடந்தேன். அப்புறம் ஸ்கூல் கேட்டுன்ன. அதையும் நடந்தேன். அப்புறம் ‘அதெல்லாம் பத்தாது, தண்ணித் தொட்டி’ன்ன. பிடிக்கல, வேணாம்னு நேராச் சொல்ல மனசு வராம, இந்தக் கெழவனால முடியாத தூரமாப் பாத்துத் தள்ளித் தள்ளி வெக்கறியா?

— அப்படியா நெனச்சீங்க?

— வேற எப்படி நெனைக்கறது? அந்த மனுஷன் எத்தனை நாள் காத்திருப்பார்? நேத்து கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடக் கடைக்குப் போனேன். கல்யாணப் பேச்சே எடுக்கல. ‘இப்ப எது வரைக்கும் நடக்கறீங்க’ன்னு மட்டும் கேட்டார். அவருக்கு எதுக்கு அந்த வெவரம்?

— நீங்க என்ன சொன்னீங்க?

— பெட்டிக்கடையைத் தாண்டப் போறேன்னேன். அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். என் மேல அவருக்கு இருக்கற நம்பிக்கைகூட உனக்கு இல்லையேன்னு மனசு விட்டுப்போச்சும்மா.

— மாமா, தொட்டி வந்துடுச்சு.

— வந்துட்டேனா?

— தொட்டுப் பாருங்க.

— தொட்டுட்டேன்! உன் கையைப் பிடிக்கவே இல்ல. நீயே சாட்சி. ஆமா, நீ எதுக்கு அழற? நான்தானே அழணும், கால் என்ன வலி வலிக்குது தெரியுமா!

— உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க.

— குடிக்கறேன். குடிச்சதும் நாளைக்கு எது வரைக்கும்னு சொல்லிடு. ரயில்வே கேட்டா? பாலமா? அதையும் நடக்கறேன்.

— இனிமே எங்கயும் தள்ளி வெக்க மாட்டேன் மாமா. எதிர்ல பாருங்க, மாடிப்படி வெளியில இருக்கற வீடு. அதுதான் அவர் வீடு. இந்த வீடு எங்க மாமா நடந்து வந்துட்டுப் போற தூரமா ஆயிட்டா வர்றேன்னு, அவர் உங்ககிட்ட வந்து கேட்ட அன்னைக்கே அவர்கிட்ட சரி சொல்லிட்டேன்.